எண்ணுக்குப் பக்கத்தில் நாளை எழுது

அன்புள்ள மகளுக்கு,

கோவிட் நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவமனை ஆண்டு மலரில் நீ எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். சி.ஆர்.பி. அழற்சியைக் காட்டும், டி-டைமர் ரத்தக்கட்டைக் காட்டும் என்பதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் வாழ்ந்த நமக்குள் பேச வேண்டியதில்லை. என் எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கட்டுரையில் வரும் தோட்டத்துப் பாட்டியின் ரத்த அறிக்கையில் "லிம்ஃபோசைட் 18 விழுக்காடு, குறைவு" என்கிறாய். எதில் 18? ஒரு மைக்ரோலிட்டரில் மொத்த வெள்ளணு 4,000 என்றால் லிம்ஃபோசைட் 720. கவலைப்பட வேண்டிய எண். மொத்தம் 9,000 என்றால் 1,620. அதில் பயப்பட ஒன்றுமில்லை. இயந்திரம் இரண்டையும்தான் அச்சடித்துத் தருகிறது, நீ விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டாய். அந்தக் காலத்தில் நாங்கள் லீஷ்மன் சாயம் போட்ட கண்ணாடியை நுண்ணோக்கியில் வைத்து, நூறு வெள்ளணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து விசையைத் தட்டுவோம். நூறாவதில் மணி அடிக்கும். மொத்தத்தோடு பெருக்கிப் பார்க்காமல் தாளைக் கையைவிட்டு விடமாட்டோம். டிங்கியா, வேறு காய்ச்சலா என்று குழம்பும் நம் ஊரில், உருமாறிய லிம்ஃபோசைட்டைக் கண்ணால் பார்த்தவர்களின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. இன்றும் சந்தேகம் வந்தால் கண்ணாடியைப் போட்டுப் பார். நேரமில்லை என்று சொல்லாதே.

அடுத்த குறை இதைவிடப் பெரிது. உன் அட்டவணையில் எண்கள் இருக்கின்றன, நோயின் நாள் இல்லை. மூன்றாம் நாள் சி.ஆர்.பி. 18 என்பதும் எட்டாம் நாள் 18 என்பதும் ஒன்றா? கோவிட்டில் பலருக்கு முதல் வாரம் சாதாரணமாகவே போகும்; அது முடியும் வேளையில்தான் நுரையீரல் மோசமாகும். மூன்றாம் நாள் 18 இருந்து ஏழாம் நாள் 96 ஆனால், அந்த ஏற்றம்தான் செய்தி. ஒரே ஒரு குழாய் ரத்தத்தை வைத்து ஆபத்தை எடைபோட முடியாது.

பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு டிரெஸ்ஸர், அதாவது தோட்ட மருந்தக உதவியாளர், இருந்தார். அவர் அனுப்பும் ஒவ்வொரு படிவத்தின் மூலையிலும் காய்ச்சல் எத்தனையாவது நாள், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று சிவப்பு மையில் இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணுவார். பாதி நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் வழக்கம் அவரிடம் கிடையாது. அந்த எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு என்று தெரிய, மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளியின் இறப்பு ஆபத்தைக் கணிக்க 2020இல் பிரிட்டன் மருத்துவர்கள் உருவாக்கிய 4சி மதிப்பெண்ணைப் பார். மொத்தம் 21. எழுபது வயது தாண்டினாலே 6 வந்துவிடும்; சி.ஆர்.பி. எவ்வளவு ஏறினாலும் அதற்கு 2தான். மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தொட்டால் அதற்கும் 2. அந்த டிரெஸ்ஸரின் சிவப்பு மைக்கு ஒரு குழாய் ரத்தத்தின் எடை உண்டு.

நம் கெடாவின் நாப்போ உணவகத்தில் தொடங்கிய சிவகங்கா தொற்றுத் திரளுக்கு நீ இரண்டு பக்கம் கொடுத்திருக்க வேண்டாம். அந்தத் திரளின் வைரஸில் டி614ஜி மரபணு மாற்றம் இருப்பதை அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அறிவித்தபோது கெடாவே நடுங்கியது உண்மைதான். ஆனால் யாருக்கு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதை அது சொல்லாது.

லயத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, "ஒண்ணுமில்ல" என்ற ஒரு சொல்லை முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்கும் அந்தப் பத்தி இருக்கிறதே, மகளே, அதைப் படித்துக் கண் கலங்கினேன். எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் இப்படி எழுத வரவில்லை. எந்த ஆசிரியர் சொன்னாலும் அதில் ஒரு சொல்லையும் மாற்றாதே.

மறுபதிப்பு வந்தால் அட்டவணையில் முதல் கட்டம் நோயின் நாளாக இருக்கட்டும். டி-டைமர் எண்ணுக்குப் பக்கத்தில் அதன் அலகு எஃப்.இ.யு.வா, டி.டி.யு.வா என்றும் போடு. ஒரே ரத்தத்துக்கு முதல் அலகில் வரும் எண் இரண்டாவதில் வருவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பாட்டிக்கு ரத்தம் எடுத்தது எத்தனையாவது நாள் என்று பழைய படிவத்தைத் தேடிப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
சுங்கை பட்டாணியிலிருந்து உன் பெரியப்பா