குட்டி யானைக்குள் எத்தனை குதிரை?

 

எங்க வீட்டு வண்டி ஒரு குட்டி யானை. அதாவது டாடா ஏஸ். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அப்பா அதில் கம்பெனி கேண்டீன்களுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறார். போன வருஷம் ஒருநாள் லோடோடு ஒரகடம் மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறி நின்றுவிட்டது. நானும் முன்சீட்டில் இருந்தேன். பின்னால் கண்டெய்னர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று காய்கறி லேட். "இன்னொரு தடவை லேட் ஆனா வேற வண்டி பாத்துக்குவோம்" என்று கேண்டீனில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். "டீசல் பம்ப் ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்பி விடறேண்ணே, ஹார்ஸ் பவர் ஏறிடும்" என்றார். திருப்பினார். இரண்டு மாசம் வண்டி நன்றாக இழுத்தது. பிறகு கரும்புகை. அப்புறம் ஆயிலும் குறைய ஆரம்பித்தது. கடைசியில் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. அப்போது வேறொரு ஷெட்டில் தினமும் சாயந்திரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குதிரை சக்தி என்றால் என்ன?

ஜேம்ஸ் வாட் என்ற அறிஞர் நீராவி இன்ஜினின் திறனைக் குதிரையின் திறனோடு ஒப்பிட்டுச் சொன்னார். அதிலிருந்து வந்த பெயர்தான் ஹார்ஸ் பவர். 75 கிலோ எடையை 1 வினாடியில் 1 மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு குதிரை சக்தி (சுமார் 735 வாட்). 75 கிலோ நெல் மூட்டை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 2005-ல் டாடா ஏஸ் முதலில் வந்தபோது அதன் டீசல் இன்ஜினுக்கு 16 குதிரை சக்தி. அதாவது வினாடிக்கு 16 மூட்டையை ஒரு மீட்டர் தூக்கும் பலம்!

லோடோடு வண்டி 1500 கிலோ என்றால் அது 20 மூட்டை. மேம்பாலம் 6 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 15 வினாடியில் ஏற வேண்டுமானால் 20 × 6 ÷ 15 = 8 குதிரை வேண்டும். இது உயரத்துக்கு மட்டும். டயர் உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் தனியாக வேண்டும். ஆகவே சில குதிரைகள் காணாமல் போனாலே வண்டி முக்க ஆரம்பித்துவிடும்.

குதிரை எங்கே ஓடிப்போகிறது?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக அமுக்குகிறது. அந்த அமுக்கத்தில் காற்று பயங்கரமாகச் சூடாகிவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்தால் என்ன ஆகும்? எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. அதேபோல் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்தால் காற்று கீழே நழுவிவிடும். ஷெட்டில் இதை 'பேக் கம்ப்ரஷன்' என்கிறார்கள். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புஸ் புஸ்ஸென்று புகை வரும். அந்தப் புகைதான் ஓடிப்போன குதிரை!

பம்ப் ஸ்குரூவைத் திருப்பினால் டீசல்தான் கூடும், காற்று கூடாது. காற்று போதாமல் மிச்ச டீசல் கரியாகிறது. சூடு ஏறுகிறது. கரி ஆயிலில் கலந்து ரிங்கை மேலும் தேய்க்கிறது. ஏற்கெனவே தேய்ந்த இன்ஜினுக்கு இது பசித்த மாட்டைச் சாட்டையால் அடித்து ஓட்டுவது மாதிரி.

ஷெட்டில் நான் பார்த்த வேலைகள்

1. இன்ஜினை இறக்கி, பிரித்து, டீசலில் கழுவினார்கள்.
2. சிலிண்டரின் விட்டத்தை மேலே, நடுவே, கீழே என்று அளந்தார்கள். மேல்பக்கம்தான் அதிகம் தேய்ந்திருந்தது. எரிவது அங்கேதானே!
3. லேத் பட்டறையில் ரீபோர் செய்து, அதற்கேற்ற ஓவர் சைஸ் பிஸ்டனும் புது ரிங்கும் வாங்கினார்கள்.
4. வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தார்கள். டீசலை ஊற்றி ஒழுகாமல் நிற்கிறதா என்று பார்த்தார்கள்.
5. பேரிங், ஹெட் கேஸ்கெட் புதிது. டீசல் பம்பைப் பழைய அளவுக்கே வைத்தார்கள்.

பெரிய பிஸ்டன் போட்டால் பவர் ஏறுமா?

நான் மெக்கானிக் மாமாவிடம் இதைத்தான் கேட்டேன். "நீயே கணக்குப் போட்டுப் பாரு பாப்பா" என்றார். போட்டேன்.

சிலிண்டர் விட்டம் 75 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 79.5 மி.மீ. வட்டத்தின் பரப்பு × உயரம் = 3.14 × 3.75 × 3.75 × 7.95 = 351 க.செ.மீ. இரண்டு சிலிண்டருக்கு 702. இதைத்தான் 702 சிசி என்கிறோம்! (இண்டிகா காரின் 1405 சிசி டீசல் இன்ஜினும் இதே அளவுதான், 4 சிலிண்டர். அதில் பாதிதான் நம்ம குட்டி யானை.)

விட்டத்தை அரை மி.மீ. கூட்டினால் சுமார் 711 சிசி. ஏறியது வெறும் 9 சிசி. 16 குதிரைக்கு இது ஒரு குதிரையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். ஆக, ரீபோர் புதுக் குதிரை தராது. ஓடிப்போன பழைய குதிரைகளைத்தான் திரும்பக் கூட்டி வருகிறது.

நிஜமாகவே பவர் கூட்ட வேண்டுமானால் காற்றைக் கூட்ட வேண்டும். டர்போ அதைச் செய்கிறது. வெளியேறும் புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றி, காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. 2011-ல் வந்த அசோக் லேலண்டு தோஸ்த் டர்போ வண்டி. ஏஸைப்போல சிசி இரண்டு மடங்குதான்; குதிரையோ 50-க்கு மேல்!

அப்போ நாமும் டர்போ வாங்கி மாட்டலாமா? கூடாது. அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்க பிஸ்டன், கேஸ்கெட், ரேடியேட்டர் எல்லாம் அதற்கென்றே செய்யப்பட்டிருக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ம் தடுக்கிறது.

ஒரகடத்தில் 2012 முதல் பாரத்பென்ஸ் லாரிகள் தயாராகின்றன. புது இன்ஜின் பிறக்கும் அதே ஊரில், ரோட்டோர ஷெட்டில் பழைய இன்ஜினும் மறுபிறவி எடுக்கிறது. இரண்டுக்கும் அளவுதான் முக்கியம்.

அக்கா காலேஜுக்காக அம்மா கட்டிய சீட்டை எடுத்துத்தான் இந்த வேலை முடிந்தது. "ஸ்குரூவைத் திருப்பாம அன்னைக்கே வந்திருந்தா பிஸ்டனாவது மிஞ்சியிருக்கும்ணே" என்றார் மாமா. அப்பா ஒன்றும் பேசவில்லை. முதல் 1000 கிலோமீட்டர் பாதி லோடுதான். அதன்பிறகு ஒருநாள் முழு லோடோடு அதே மேம்பாலம். வண்டி நிற்காமல் ஏறியது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்கா சீட்டை அப்பா இப்போது மாசாமாசம் திரும்பக் கட்டுகிறார்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 40 கிலோ எடையுள்ள நீங்கள் 3 மீட்டர் உயர மாடிப்படியை 4 வினாடியில் ஏறினால் உங்களுக்குள் எத்தனை குதிரை? (விடை: 0.4)



– 9-ஆம் வகுப்பு மாணவி