சீஸுக்குப் பதில் ஈஸ்ட்: எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது

சீஸை விட்டவர்கள் பலர் அதற்குப் பதிலாக முதலில் வாங்குவது நியூட்ரிஷனல் ஈஸ்ட். அதைப் பீட்ஸாமேல் தூவிவிட்டு, உருகும் என்று அடுப்பின் கண்ணாடி வழியே பார்த்திருந்து ஏமாந்தும் போகிறார்கள். உருக அதில் ஒன்றுமே இல்லை. சீஸ் நூலாக இழுபடுவது கேசீன் என்ற பால் புரதத்தால். நாக்கில் வழுக்கிக்கொண்டு போவது பால்கொழுப்பால். ஈஸ்ட் செதிலில் கேசீன் கிடையாது, கொழுப்பும் பெயருக்குத்தான். அதில் உள்ளது முதிர்ந்த சீஸின் அடிச்சுவை. குளூட்டாமிக் அமிலம் தருகிற அந்த உமாமி பழுத்த தக்காளியிலும் காய்ந்த காளானிலும்கூட உண்டு. ஆகவே கடைக்குப் போகுமுன், உங்கள் பதார்த்தத்தில் சீஸ் என்ன வேலை பார்த்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள். சுவையா, வழவழப்பா, இழுவையா, கடிபடும் துண்டா?

சுவை மட்டும்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஈஸ்ட் செதில்தான். பாஸ்தா, பாப்கார்ன், வறுத்த உருளைக்கிழங்கு, சூப் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் பார்மசான் சீஸில் உப்பு ஏராளம். செதிலிலோ உப்பு இல்லை என்றே சொல்லலாம். "சப்பென்று இருக்கிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பார்மசான் போலத் தூவ வேண்டுமானால் முக்கால் கப் பச்சை முந்திரி, மூன்று மேசைக்கரண்டி செதில், முக்கால் தேக்கரண்டி உப்பு, சிட்டிகை பூண்டுத்தூள். மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் முந்திரி எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். செதிலைக் காய்ந்த வாணலியில் நேராகப் போடவும் வேண்டாம், கருகினால் கசக்கும்.

வாங்கும்போது பெயரைச் சரியாகப் பாருங்கள். ரொட்டி சுடும் ஈஸ்ட், பீர் வடிக்கும் ஈஸ்ட், இது மூன்றுமே சாக்கரோமைசிஸ் செரிவிசியே இனம்தான். பேக்கரி ஈஸ்ட் உயிருள்ளது, அதை அப்படியே தூவிச் சாப்பிடக் கூடாது. பீர் வடித்தபின் மிஞ்சும் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் ஹாப்ஸின் கசப்பைச் சுமந்து வருவது, சமையலுக்கு உதவாது. நியூட்ரிஷனல் ஈஸ்டைப் பெரும்பாலும் மொலாசஸில் வளர்த்து, கழுவி, சூடேற்றிக் கொன்று, உலர்த்திச் செதிலாக்குகிறார்கள். மாவைப் புளிக்கவைக்கும் சக்தி அதற்கு இல்லை.

வழவழப்பான சாஸ் வேண்டுமென்றால் அமெரிக்கச் சைவர்களின் பழைய வழி ஒன்று இருக்கிறது. 1971-இல் டென்னசி மாநிலத்தின் சம்மர்டவுனில் 'தி ஃபார்ம்' என்ற ஹிப்பிக் கூட்டுக்குடியிருப்பு தொடங்கியது. இறைச்சி, பால், முட்டை எதையும் தொடாமல் சோயாவை நம்பி வாழ்ந்தவர்கள். 1975-இல் அவர்கள் வெளியிட்ட சமையல் புத்தகம்தான் ஈஸ்ட் சாஸைப் பல வீடுகளுக்குக் கொண்டுபோனது. செய்முறை எளிது. அரை கப் மைதாவும் அரை கப் செதிலும் கலந்து, இரண்டு கப் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, கொதித்துக் கெட்டிப்படும்வரை கிளறி, இறக்கும்போது உப்பு, கொஞ்சம் கடுகு விழுது, இரண்டு கரண்டி எண்ணெய். மக்ரோனிக்கு இதைவிட மலிவான சாஸ் கிடையாது. ஊறவைத்த முந்திரியை அரைத்து எலுமிச்சையும் செதிலும் சேர்ப்பது இன்றைய வழி. சுவையில் இதுதான் ஒருபடி மேல், செலவிலும்தான்.

இழுவைக்கு வேண்டியது மாவுச்சத்து. அரை கப் ஊறிய முந்திரி, ஒரு கப் தண்ணீர், மூன்றரை மேசைக்கரண்டி மரவள்ளி ஸ்டார்ச், ஒரு கரண்டி செதில், எலுமிச்சை, உப்பு. நைஸாக அரைத்து மிதமான தீயில் கிளறினால் ஐந்து நிமிடத்துக்குள் பசைபோல இழுபட ஆரம்பிக்கும். பீட்ஸாவுக்கும் சீஸ் தோசைக்கும் என் ஓட்டு இதற்குத்தான். கடையில் விற்கும் வீகன் சீஸ் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயும் ஸ்டார்ச்சும் சேர்ந்தது. உருகும், ஆனால் புரதம் அநேகமாக இல்லை, நிறைகொழுப்பு அதிகம். அவசரத்துக்கு வாங்கலாம், வழக்கமாக்க வேண்டாம்.

துண்டாகக் கடிபட வேண்டுமானால் டோஃபு. புளிப்பு விட்டுத் திரித்த பன்னீரே உருகாத பொருள் என்பதால் அங்கே டோஃபு நேராக உட்கார்ந்துகொள்ளும், ஈஸ்டுக்கு வேலையில்லை. பிழிந்து, உப்புநீரில் சற்று ஊறவிட்டால் போதும்.

இலங்கையில் வளர்ந்தவர்களின் அலமாரியில் மார்மைட் இருக்கக்கூடும். அதுவும் ஈஸ்டின் சாறுதான், உமாமியில் செதிலைவிடக் கடுமையானது. முந்திரி சாஸில் அரைத் தேக்கரண்டி போட்டு உப்பைக் குறைத்தால் நன்றாகவே வரும். நிறம் மட்டும் பழுப்பாகும். பார்லி, கோதுமை ஒவ்வாதவர்கள் லேபிளைப் படிக்கவும். மோனோஅமீன் ஆக்ஸிடேஸைத் தடுக்கும் வகை மனச்சோர்வு மருந்து சாப்பிடுவோருக்கு முதிர்ந்த சீஸைப் போலவே மார்மைட்டும் ஆகாது. ஈஸ்ட் செதிலையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இத்தனை பாடும் தேவைப்படாத ஒரு கூட்டமும் உண்டு. பாலிலுள்ள லாக்டோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, மாதக்கணக்கில் முதிர்ந்த செடார், பார்மசான் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை, ஏனென்றால் அவற்றில் லாக்டோஸ் மிகமிகக் குறைவு. பால் புரத ஒவ்வாமை வேறு விஷயம், அவர்களுக்கு எந்தச் சீஸும் ஆகாது. பார்மசானின் அசல் வகையான பார்மிஜானோ ரெஜானோவில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட் சேர்க்கிறார்கள். ஆகவே பால் சாப்பிடும் சைவர்களிலும் சிலர் அதைத் தவிர்த்து ஈஸ்டுக்கு வருகிறார்கள்.

இனி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஈஸ்ட் தானாக வைட்டமின் பி12-ஐ உண்டாக்காது, உற்பத்தியாளர் சேர்த்திருந்தால்தான் உண்டு. பால், முட்டை இரண்டையும் விட்டவர்கள் 'ஃபோர்ட்டிஃபைடு' என்று எழுதியதையே வாங்க வேண்டும்; ஒரு வேளைக்குரிய அளவில் எவ்வளவு பி12 என்றும் பார்க்க வேண்டும். சாப்பிட்டபின் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போனால் பயப்படாதீர்கள், அது மிகுந்துபோன ரைபோஃபிளேவின். அந்தச் சத்தை வெளிச்சம் அழித்துவிடும். கண்ணாடி ஜாடியில் ஜன்னலோரம் அழகாக வைக்காமல், மூடிய டப்பாவில் ஈரக்கரண்டி படாமல் வையுங்கள்.