சிறப்புரையும் மாணவர் தொண்டும்: பள்ளிப் பொறுப்பாசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

"வெளியாள் யாரையாவது கூப்பிட்டுப் பிள்ளைகளிடம் பேச வையுங்கள்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியருக்கு எங்கே தொடங்குவது என்று புரியாது. கடைசியில் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் வருவார். வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று அரைமணி நேரம் ஓடிவிடும். விடாமுயற்சியைப் பற்றிய உரையை வெயிலில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகளுக்கு மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது.

தமிழ்நாட்டு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டி இது. இதன் அடிப்படை ஒன்றுதான்: கேட்ட உரையை வைத்துப் பிள்ளைகள் ஊரில் ஒரு வேலை செய்ய வேண்டும். அதற்கு வழியில்லாத உரைக்கு ஆள் தேடி அலைய வேண்டாம்.

படி 1: தலைப்பு முதலில், ஆள் பிறகு

"தன்னம்பிக்கை", "வெற்றியின் ரகசியம்" போன்ற தலைப்புகளை ஒதுக்கிவிடுங்கள். ஊரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். டெங்கு பரவுகிறதா? நெடுஞ்சாலையில் அடிக்கடி விபத்தா? பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லையா? தலைப்பை ஒரே வரியில் எழுதுங்கள். அதன் கீழே, "உரை முடிந்ததும் மாணவர் என்ன செய்வார்கள்?" என்ற கேள்விக்கும் ஒரு வரியில் பதில் எழுதுங்கள். இரண்டாவது வரி வரவில்லையென்றால் தலைப்பை மாற்றுங்கள்.

படி 2: தெரிந்தவரைத் தேடுங்கள்

பெயர் பெற்ற பேச்சாளர் தேவையில்லை. 108 ஆம்புலன்ஸின் மருத்துவ உதவியாளர், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், சுகாதார ஆய்வாளர், மின்வாரிய ஊழியர், வங்கி மேலாளர் ஆகியோர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். முன்னாள் மாணவர்களை மறக்காதீர்கள். அதே பெஞ்சில் படித்துவிட்டு இன்று லேப் டெக்னீஷியனாக இருக்கும் பெண் பேசினால் பிள்ளைகள் காது கொடுப்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்தான். கூட்டத்தில் தலைப்பைச் சொல்லுங்கள். யாருக்கு யாரைத் தெரியும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

படி 3: அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

2024-இல் சென்னை அசோக் நகர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். தன்னம்பிக்கை உரை என்று அழைக்கப்பட்டவர் முற்பிறவிப் பாவத்தையும் உடற்குறைபாட்டையும் முடிச்சுப்போட்டுப் பேசினார். பார்வைக் குறைபாடுள்ள தமிழாசிரியர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டார். விவகாரம் பேச்சாளரின் கைது வரைக்கும், தலைமையாசிரியரின் இடமாற்றம் வரைக்கும் போனது.

எனவே பேச்சாளரிடம் உரையின் சுருக்கத்தை முன்கூட்டியே ஒரு பக்கத்தில் வாங்குங்கள். படம், வீடியோ காட்டுவதாக இருந்தால் முழுவதையும் பார்த்துவிடுங்கள். மதப் பிரசாரம், கட்சி அரசியல், பொருள் விற்பனை, தனியார் கல்லூரி விளம்பரம் ஆகியவற்றுக்கு இடமில்லை என்று அழைப்புக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். தலைமையாசிரியரின் ஒப்புதல் கோப்பில் இருக்கட்டும். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதி தேவையா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: நாளும் இடமும்

காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு முந்தைய வாரங்களைத் தவிருங்கள். ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர் மாதங்கள் வசதி. மழை வந்தால் எங்கே உட்கார வைப்பது என்பதையும் யோசித்து வையுங்கள். மதிய உணவுக்கு அடுத்த பீரியடில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். காலை இரண்டாவது பீரியடே நல்லது. பள்ளி முழுவதையும் மைதானத்தில் குவிக்காமல், ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளை மட்டும் ஒரே அறையில் உட்கார வைத்தால் மைக்கே வேண்டாம்.

படி 5: கேள்விகளை முன்பே சேகரியுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்று கடைசியில் கேட்டால் அறை அமைதியாகிவிடும். மூன்று நாள் முன்பே ஓர் அட்டைப் பெட்டியை வகுப்பில் வையுங்கள். பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் கேள்வியைப் போடட்டும்.

108 ஊழியர் வருகிறார் என்றால் எப்படிப்பட்ட சீட்டுகள் விழும்? "எங்க தெருவுக்குப் பேரே இல்ல, போன்ல எப்படி வழி சொல்றது?" "தீக்காயத்துக்குப் பேஸ்ட் தடவலாமா?" "பாம்பு கடிச்சா கயிறு கட்டணுமா?" இவற்றைத் தொகுத்துப் பேச்சாளருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் உரையைத் தயாரிக்கும் சிரமம் பாதி குறையும்.

படி 6: அந்த 40 நிமிடம்

தமிழ்த்தாய் வாழ்த்து, அறிமுகம் எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் போதும். உரைக்கு இருபது, கேள்விகளுக்குப் பதினைந்து. பொன்னாடைக்குப் பதில் ஒரு புத்தகம் கொடுங்கள். வகுப்பாசிரியர் கட்டாயம் அறையிலேயே இருக்க வேண்டும்.

பேச்சாளர் செய்து காட்டட்டும். 108 ஊழியர் என்றால் இவற்றைச் சொல்லிக் காட்டலாம். தீக்காயத்தின் மேல் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் விட வேண்டும். பேஸ்ட், மை, மஞ்சள் எதுவும் கூடாது. பாம்பு கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டவோ, கீறவோ கூடாது. கை, காலை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு மாணவனின் கைக்குச் சிம்பு வைத்துக் காட்டினால் அந்தப் பாடம் வீடு வரை போகும்.

படி 7: உரையைத் தொண்டாக மாற்றுங்கள்

அடுத்த வாரமே வேலையைத் தொடங்குங்கள், ஆறிப்போகவிட்டால் நடக்காது. ஐந்து ஐந்து பேராகக் குழு பிரியுங்கள். 108 ஊழியரின் உரைக்குப் பிறகு என்றால், ஒவ்வொரு குழுவும் தங்கள் தெருவில் பத்து வீடுகளுக்கு ஓர் அட்டை எழுதிக் கொடுக்கட்டும். அதில் 108 எண், பக்கத்தில் உள்ள கோயில், ரேஷன் கடை போன்ற அடையாளம், வண்டி எந்தப் பக்கமாக வர முடியும் என்ற விவரம் இருக்க வேண்டும். பெயரில்லாத தெரு பற்றிய கேள்விக்கு விடை இப்படித்தான் கிடைக்கும்.

அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. மேல்நிலை வகுப்புகளுக்கு நாட்டு நலப்பணித் திட்டம். 1969-இல் பல்கலைக்கழகங்களில் தொடங்கிய அதில் ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். கீழ் வகுப்புகளுக்கு ஜூனியர் ரெட் கிராஸ் (ஜே.ஆர்.சி.), சாரணர் இயக்கம், தேசிய பசுமைப் படை. புதிதாக மன்றம் தொடங்காமல் இவற்றின் வழியே செய்தால் பதிவேடும் சான்றிதழும் தானாக வந்துவிடும்.

படி 8: எது தொண்டு, எது கூடாது

கழிப்பறை கழுவ வைப்பது, செங்கல் சுமக்க வைப்பது, ஆசிரியர் வீட்டு வேலை ஆகியவை தொண்டில் சேரா. அவை வேலை வாங்குவது. குளம் தூர்வாருதல், மின்கம்பம், நெடுஞ்சாலை சார்ந்த பணிகளும் வேண்டாம். ரத்ததானத்துக்கு 18 வயது ஆக வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் விழிப்புணர்வு செய்யலாம், கொடுக்க முடியாது. விருப்பமில்லாதவரை வற்புறுத்தாதீர்கள், மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டாதீர்கள்.

படி 9: பாதுகாப்பு

பெற்றோரின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் இல்லாமல் யாரையும் வெளியே அழைத்துச் செல்லாதீர்கள். மாணவிகள் இருந்தால் ஆசிரியை ஒருவரும் உடன் வர வேண்டும். குடிநீர், முதலுதவிப் பெட்டி, கிளம்பும்போதும் திரும்பும்போதும் தலை எண்ணிக்கை ஆகியவை கட்டாயம். மாலை இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும். வெளியாளை மாணவருடன் தனியே விடாதீர்கள். பிள்ளைகளின் கைப்பேசி எண்ணைக் கொடுக்காதீர்கள். படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் முன் பெற்றோரைக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

படி 10: பதிவு

ஒரு நோட்டு போதும். தேதி, தலைப்பு, பேச்சாளர், வந்த மாணவர் எண்ணிக்கை, செய்த வேலை, சரியாக வராதது என்று ஆறு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். செய்த வேலையைப் பற்றிப் பேச்சாளருக்கு மாணவர்களே கடிதம் எழுதட்டும். அடுத்த ஆண்டு அவர் மறுக்க மாட்டார்.

ஆண்டுக்குப் பத்து உரை நடத்திக் கணக்குக் காட்டத் தேவையில்லை. பருவத்துக்கு ஒன்று, அதைத் தொடர்ந்து ஒரு பணி என்று வைத்துக்கொண்டாலே நிறைவாகச் செய்துவிடலாம். நாளைக் காலை வகுப்புக்குப் போகும்போது ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துச் செல்லுங்கள். யார் வந்து பேச வேண்டும் என்று பிள்ளைகளே எழுதிப் போடட்டும்.