மூன்று ரூபாய்க் கணக்கு

கீழ்பென்னாத்தூர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இன்னும் பத்து லட்சம் சேர்ந்துவிட்டால் பயம் விட்டுவிடும் என்று போனில் சொன்னாய். உன் அம்மா பக்கத்தில் இருந்ததால் அப்போது நான் பேசவில்லை.

பணம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மல்லாட்டை விளைச்சலை நம்பிக் கடன் வாங்குகிற ஊர்க்காரன் அப்படிச் சொல்லக் கூடாது. பிள்ளைகள் படிப்புக்கு, ஆஸ்பத்திரிக்கு, வீட்டுக் கடனுக்குச் சேர்த்து வை. ஆனால் பயத்தைப் போக்கும் வேலையை அதனிடம் கொடுக்காதே. ஐந்து லட்சம் இருந்தபோதும் நீ இதைத்தான் சொன்னாய்.

ரமண மகரிஷி சிறுவயதில் திருவண்ணாமலைக்கு வந்த கதையைப் பணக் கணக்கோடு ஒரு தடவை கேள். 1896 ஆகஸ்ட் 29, மதுரை. வயது 16. அண்ணனின் காலேஜ் சம்பளம் கட்டுவதற்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் புறப்பட்டார். சம்பளம் கட்டவில்லை என்பதையும் எழுதிவைத்தார். வீட்டையே விட்டுப் போகிறவர், அண்ணன் ஏமாந்து நிற்கக் கூடாது என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறார். சாமியை நம்புகிறேன் என்று சொல்லிக் குடும்பத்தைத் தவிக்கவிடுகிறவர்களின் நம்பிக்கையை நான் மதிக்காததற்கு இதுதான் காரணம்.

பழைய அட்லஸைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தார். ரயிலில் ஒரு மௌல்வி சொல்லித்தான் விழுப்புரத்தில் இறங்கினார். இல்லாவிட்டால் செஞ்சி தாண்டி நம் ஊர் ரோட்டிலேயே நடந்து வந்திருப்பார்! இதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. மிச்சக் காசு மாம்பழப்பட்டு வரைதான் வந்தது, அங்கிருந்து நடை. திருக்கோவிலூர் அருகே தங்கக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கினார். அடகுச் சீட்டைக் கிழித்துப் போட்டார். செப்டம்பர் 1 காலை அண்ணாமலையார் சந்நிதியில் நின்றார். பிறகு மிச்சக் காசை அய்யங்குளத்தில் எறிந்தார்.

நீ எதையும் எறிய வேண்டாம். எறிவதற்கு முன்பே அவருடைய பயம் போய்விட்டது, அதைக் கவனி. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் மதுரை வீட்டு மாடியில் திடீரென மரண பயம் வந்தபோது, யாரையும் கூப்பிடாமல் படுத்து, சாவது எது என்று உள்ளே பார்த்தார். காசு போனது அதற்கப்புறம். இந்த வரிசை மாறினால் மிஞ்சுவது வெறும் வறுமைதான்.

1924-இல் ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்து அவரைத் தொடையில் அடித்தபோதும், திருப்பி அடிக்கக் கிளம்பிய சீடரை அவர் தடுத்தார். அந்த நிதானம் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல.

ராத்திரி தூக்கம் கெட்டால் வங்கிக் கணக்கைத் திறக்காதே. பயப்படுவது யார் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார். முதல் நாளே பிடிபடாது, விடாமல் செய்.

பௌர்ணமிக் கூட்டத்தில் வராதே. வேறொரு நாள் லீவு போட்டு வா. கிரிவலம் 14 கிலோமீட்டரும் உன்னோடு நடக்கிறேன். எனக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் நடப்பேன். எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா