பட்டறைக்குப் போகும் பாதைகள்

பத்தாம் வகுப்பின் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் கடமலைக்குண்டுத் தேநீர்க் கடைகளில் இலவம் பஞ்சின் விலையும் தேங்காயின் விலையும் ஒருபுறம் ஒதுங்கிவிட, "பயல எந்தக் குரூப்புல சேக்கப் போறீக?" என்ற விசாரணையே மேலோங்கி நிற்கும். மார்க்கு அதிகமானால் கணிதமும் உயிரியலும், நடுத்தரமானால் வணிகவியல், அதற்கும் கீழே இறங்கினால் ஐ.டி.ஐ. என்று ஏணிப்படி போல் அடுக்கி வைத்திருக்கும் மனோபாவம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பழுதான மிக்சியைப் பிரித்துப் போட்டு மறுபடியும் பூட்டிவிடும் சிறுவனுக்கும், கண்ட காகிதத்திலெல்லாம் ரவிக்கைக்கு மாதிரி வரையும் சிறுமிக்கும் அந்த ஏணியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

இத்தகைய பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே கிடைக்கக்கூடியது மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவு. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கிய 1978-ஆம் ஆண்டிலிருந்தே உள்ள இப்பிரிவில், அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், கட்டடப் பொறியியல், வேளாண் அறிவியல், நெசவியலும் ஆடை வடிவமைப்பும் எனப் பல பாடங்கள் உண்டு. எல்லாப் பள்ளியிலும் எல்லாம் இராது என்பதால் பள்ளிக்கே சென்று விசாரிப்பது உத்தமம். கல்லூரிக் கதவு அடைபடாது என்பதும், பொறியியல் சேர்க்கையில் தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனித் தரவரிசை உண்டு என்பதும் இதன் விசேஷங்கள். ஆனால் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்று அவ்விடம் நிரம்பாமல் போனால், செய்முறை என்பது நோட்டுப் புத்தகத்தில் படம் வரைவதோடு முடிந்துவிடும்.

ஐ.டி.ஐ. அப்படிப்பட்டதன்று. 1950-இல் மத்திய அரசு வகுத்த கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழிவந்த இந்நிலையங்களில், பிட்டர், எலெக்ட்ரீசியன் முதலியவற்றுக்கு இரண்டு வருஷம், வெல்டருக்கு ஒரு வருஷம். சில தொழில்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பிட்டர் பயில வந்தவன் ஆரம்ப நாட்களில் எந்த இயந்திரத்தையும் தொடுவதில்லை. வைஸில் ஓர் இரும்புத் துண்டைக் கவ்வவைத்து, அரத்தால் நாள் முழுவதும் ராவுகிறான். ராவியபின் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறான். இரும்புக்கும் மட்டத்துக்கும் இடையே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் வைஸுக்கே திரும்ப வேண்டும். ஒரு மாணவன் ஒரே துண்டை எட்டுத் தடவை அவ்வாறு தூக்கிப் பார்த்ததையும், ஒன்பதாம் தடவை வெளிச்சம் மறைந்தபோது அவன் யாரையும் அழைக்காமல் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டதையும் நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கூடத்திலிருந்த அத்தனை பேருக்கும் அந்தப் பொறுமை இருந்தது என்று சொல்லமாட்டேன். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆண்டிபட்டிக்கும் போடிக்கும் பஸ் ஏறிப் போகும் ஏழைப் பிள்ளைக்கு அது அற்பமன்று.

பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம். நம் பக்கத்தில் கோட்டூரில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. அரத்தைக் காட்டிலும் கணக்கும் வரைபடமும் அங்கே அதிகம் என்பதால், கணிதத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளையை மரியாதைக்காக அங்கே தள்ளுவது அநியாயம். "பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் இஞ்சினீயராக வருஷம் வீணாகுமே" என்போர் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்க்கவில்லை: டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாமாகையால், பத்தாம் வகுப்பிலிருந்து அவருக்கும் ஆறு வருஷம், பிளஸ் டூ வழியே போனவருக்கும் ஆறு வருஷம். இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவரும் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். அவ்வழியில் பொறியியலை எட்ட ஏழு வருஷம் ஆகும், எனினும் நடுவில் எங்கே நிற்க நேர்ந்தாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். நம் பக்கத்துக் குடும்பங்களில் மழை பொய்த்தால் படிப்பு நிற்பது சகஜமாதலால், இந்த ஒரு வருஷத்தை நஷ்டமாக நான் கருதுவதில்லை.

வடிவமைப்பில் மனம் வைத்த பிள்ளையின் விஷயம் வேறு. சக்கம்பட்டித் தறிகளின் ஓசை கேட்டு வளர்ந்த பெண்ணொருத்தி புடவைக் கரையையும் முந்தானையையும் தானே வகுக்க ஆசைப்பட்டால், அவளைப் பிளஸ் டூவிலேயே இருக்கச் செய்வது நல்லது. 1995-இல் தோன்றிய சென்னை நிப்ட் போன்ற நிறுவனத்தின் வடிவமைப்புப் பட்டப் படிப்புக்கு எந்தக் குரூப் படித்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். ஆடை உற்பத்தித் தொழில்நுட்பப் பட்டத்துக்கு மட்டும் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். கட்டடக் கலைக்கும் கணிதமும் இயற்பியலும் இன்றியமையாதவை. வடிவமைப்பு சரி, பெண் குழந்தைக்கு எலெக்ட்ரீசியன் வேலை எதற்கு என்று கேட்போருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து முடித்த மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் சேர்த்தே ஏற்பட்டது.

எதில் சேர்ப்பதானாலும், விண்ணப்பம் போடுமுன் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ஒரு வேலை நாளில் அந்தப் பட்டறையைப் பார்த்து வாருங்கள். முதல்வரின் அறையில் அதிக நேரம் உட்கார வேண்டியதில்லை. வைஸுக்கு அடியில் இரும்புத்தூள் சிந்திக் கிடக்கிறதா, மோட்டாரின் காயில்களைப் பிரித்துப் போட்டிருக்கிறார்களா, தையல் இயந்திரத்தின் ஊசியில் நூல் கோத்திருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லாம் துடைத்து, உறை போட்டு மூடி, பூட்டும் தொங்கினால், அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பிவிடலாம்.