முதல் இரண்டு சுற்று கையால்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பிராசசர், ராம் பற்றிக் கேட்டால் மளமளவென்று சொல்லிவிடுகிறார்கள். கேபினெட்டோடு வந்த ஸ்க்ரூ பாக்கெட்டைப் பிரித்து மேசையில் கொட்டினால்தான் திகைத்து நிற்கிறார்கள்.

அந்தக் குவியலில் முக்கியமான மரை இரண்டுதான். ஒன்று 6-32. அங்குலக் கணக்கு, ஓர் அங்குல நீளத்துக்கு 32 புரி, தடிமன் சுமார் 3.5 மி.மீ. மற்றொன்று எம்3. மெட்ரிக் கணக்கு, தடிமன் 3 மி.மீ., புரிக்குப் புரி அரை மி.மீ. இரண்டையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடியுங்கள். எம்3-ன் மரை நெருக்கமாக ஓடும், 6-32-ன் மரை அகலமாகத் தெரியும். ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது.

எஸ்.எம்.பி.எஸ்., 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் இரண்டுக்கும் 6-32. 2.5 அங்குல எஸ்.எஸ்.டி., டிவிடி டிரைவுக்கு எம்3. மாற்றிப் போட்டால்? 6-32 துளையில் எம்3 பிடிப்பில்லாமல் ஆடும். எம்3 துளையில் 6-32 சற்று நுழைந்ததுமே முரண்டு பிடிக்கும். அங்கே டிரைவரை வைத்து அழுத்தினீர்களோ, மரை போயிற்று. அது வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய பொருள்.

அதனால் ஸ்க்ரூவைத் துளையில் வைத்ததும் முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். 'டிக்' என்று மரை உட்காருவது விரலுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வலப்பக்கம். முதல் இரண்டு சுற்று விரலாலேயே போக வேண்டும். போகவில்லையென்றால் ஸ்க்ரூ தவறு, அல்லது கோணல்.

மதர்போர்டுக்கு அடியில் நிற்கும் ஸ்டாண்ட்ஆஃப்தான் அதிகக் கவனம் கேட்கும். அதன் தலைத்துளை சில கேபினெட்டில் 6-32, சிலவற்றில் எம்3. ஸ்க்ரூவை விட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மினி-ஐ.டி.எக்ஸ். போர்டுக்கு நான்கு துளை, ஏ.டி.எக்ஸ். போர்டுக்குப் பெரும்பாலும் ஒன்பது. போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் நின்றாலும் பின்பக்க ஈயப் புள்ளிகளில் முட்டி ஷார்ட் ஆகலாம். வேலைக்கு வந்த புதிதில், பவர் வராத ஒரு மெஷினுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் ராமையும் மாற்றி மாற்றிப் போட்டே ஒரு மாலையைக் கழித்தேன். கடைசியில் போர்டைத் தூக்கினால், பழைய போர்டுக்குப் போட்டிருந்த ஒற்றை ஸ்டாண்ட்ஆஃப் அடியில் நின்றுகொண்டிருந்தது. அன்று முதல், போர்டை இறக்கும் முன் துளைகளை எண்ணிவிடுகிறேன்.

எம்.2 எஸ்.எஸ்.டி.க்கான குட்டி ஸ்க்ரூ பெரும்பாலும் எம்2 அளவு. கேபினெட் பாக்கெட்டில் அதைத் தேடாதீர்கள், மதர்போர்டு பெட்டிக்குள் பாருங்கள். சின்ன ஸ்டார் டிரைவர் கட்டாயம். பெரியதை வைத்தால் தலை தேய்ந்துவிடும்.

ஃபேனுக்கு வருவது தடித்த ஸ்க்ரூ. பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கொள்ளும். லிக்விட் கூலரின் ரேடியேட்டருக்கு மட்டும் அதன் பெட்டியில் வந்ததைத் தவிர வேறெதையும் போடாதீர்கள். சில மி.மீ. நீளம் கூடினாலே குழாயில் குத்தித் தண்ணீர் கசியும்.

ஸ்கிராப்புக்குப் போகும் கேபினெட்டிலிருந்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, அறைகள் பிரித்த டப்பாவில் வகைவாரியாகப் போட்டு வையுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கப் போனாலும் 'கம்ப்யூட்டர் ஸ்க்ரூ' என்று கேட்காமல் மரையையும் நீளத்தையும் சொல்லிக் கேளுங்கள். வேலை முடிந்ததும் மிஞ்சியவற்றை ஒரு ஜிப் கவரில் போட்டு, வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த ஹார்டு டிஸ்க் மாட்டும்போது அவர் தேடப்போவது அதைத்தான்.