கிரீஸ் விடுமுறை: மாதம் முதல் கப்பல் வரை

கிரீஸ் நாட்டில் சின்னஞ்சிறு திட்டுகளையும் சேர்த்தால் சுமார் 6,000 தீவுகள். மக்கள் வசிப்பவை 200-க்குச் சற்று மேல். பத்து நாள் விடுமுறையில் ஐந்து தீவுகளைச் சுற்றிவிடத் துடிப்பவர்கள் கடைசியில் அதிகம் பார்ப்பது துறைமுகங்களைத்தான். ஏதென்ஸ் நகரம், கூடவே ஒன்று அல்லது இரண்டு தீவுகள் என்பதே நிறைவான திட்டம். அதை இப்படிப் போடலாம்.

1. மாதத்தை முடிவு செய்தல்

மே நடுவிலிருந்து ஜூன் முடிய, அல்லது செப்டம்பர் தொடங்கி அக்டோபர் பாதி வரை போவது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் ஏதென்ஸ் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. வெப்ப அலை வீசும்போது, பழங்கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றையே நண்பகலில் மூடிவிடுகிறார்கள். ஆகஸ்ட் 15 மாதா திருநாள். கிரேக்கர்களே சொந்த ஊர்களுக்குக் கிளம்பிவிடுவதால் அந்த வாரம் கப்பலில் இடம் கிடைப்பது கடினம்.

கடலில் குளிக்க ஆசைப்படுவோருக்குச் செப்டம்பர்தான் பொருத்தம். கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர் அப்போதும் இதமாக இருக்கும். பள்ளி விடுமுறையை விட்டால் வழியில்லை என்னும் குடும்பங்கள் மே மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வெயில் தணிவாக இருக்கும், ஆனால் கடல் சற்றே குளிரும்.

2. விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்போருக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு 45 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். இத்தாலியையும் சேர்த்துப் பார்ப்பவர்கள், எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கோடை நெருங்க நெருங்க நேர்காணல் தேதி கிடைப்பது அரிது என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுவது பாதுகாப்பு.

3. தீவைத் தேர்ந்தெடுத்தல்

சாண்டோரினி, கி.மு. 1600 வாக்கில் வெடித்த எரிமலையின் விளிம்பில் நிற்கும் தீவு. செங்குத்துப் பாறைமேல் அடுக்கடுக்காக வெள்ளை வீடுகள், கீழே ஆழ்நீலக் கடல். அழகுக்குக் குறைவில்லை, விலையும் கூட்டமும் அதிகம். இரண்டு இரவு போதும்.

குழந்தைகளோடு போவோருக்கு நாக்சோஸ் ஏற்றது. நகரை ஒட்டிய அகியோஸ் ஜார்ஜியோஸ் கடற்கரையில் ஆழம் குறைவு, அலையும் அதிகம் இருக்காது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன அப்பல்லோ கோயிலின் பளிங்கு வாசல், துறைமுகத்துக்குள் கப்பல் நுழையும்போதே கண்ணில் படும். கிரீட் தீவு கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளம். அதற்கு மட்டுமே ஒரு வாரம் வேண்டும். வாடகைக் கார் எடுக்க இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்.

4. கப்பல் பயணம்

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகம் வரை மெட்ரோ நேராகப் போகிறது. அங்கிருந்து நாக்சோஸுக்குப் பெரிய கப்பலில் ஐந்தரை மணி நேரம் ஆகும். விரைவுப் படகுகள் சீக்கிரம் சேர்க்கும், ஆனால் கட்டணம் கூடுதல், அலையில் ஆட்டமும் அதிகம். தலைசுற்றும் உடம்புக்குப் பெரிய கப்பலே நல்லது.

தீவில் கப்பல் நிற்பது சில நிமிடங்கள்தான். அறிவிப்பு வந்ததுமே பயணிகள் கார்கள் நிற்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கி, தீவின் பெயர் எழுதிய அடுக்கிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, கதவு திறக்கக் காத்திருப்பார்கள். மேலே உட்கார்ந்து காப்பியை முடித்துவிட்டு வரலாம் என்றால் கப்பல் அடுத்த தீவுக்குக் கிளம்பிவிடும்.

கோடையில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று வீசும். அது வலுத்தால் கப்பல் புறப்பட அதிகாரிகள் தடை விதிப்பார்கள். எனவே ஊர் திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் முன்பே ஏதென்ஸ் வந்துவிட வேண்டும். இந்தத் திட்டத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி இதுதான்.

5. ஏதென்ஸில்

அக்ரோபோலிஸுக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டு. நாளொன்றுக்கு 20,000 பேர்தான் அனுமதி. 2025 முதல் கட்டணம் 30 யூரோ. காலை 8 மணிச் சீட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிட்டால் வெயிலுக்கும் கூட்டத்துக்கும் தப்பலாம். பல கோடிக் கால்கள் தேய்த்த பாறை வழுக்கும் என்பதால் ரப்பர் அடி வைத்த காலணி அவசியம். 2009-இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உள்ளே குளிர்சாதன வசதி உண்டு.

6. சாப்பாடும் செலவும்

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அரிசி அடைத்துச் சுட்ட தக்காளியும் குடைமிளகாயும் கெமிஸ்தா. ஃபாவா, நம் பருப்புக் கடையலைப் போலவே இருக்கும். 'நிஸ்டீஸிமோ' என்று கேட்டால் இறைச்சி, முட்டை, பால் சேராத விரத உணவு வரும். அதில் இறால், கணவாய்க்கு இடமுண்டு. அதையும் வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை விடுதிகளில் அறைக்கு ஓர் இரவுக்குத் தனி வரி உண்டு. மூன்று நட்சத்திர விடுதியில் அது 5 யூரோ, ஐந்து நட்சத்திரத்தில் 15. பெரும்பாலும் முன்பதிவுத் தொகையில் சேராது, அங்கேயே கட்ட வேண்டும்.

முதலில் மாதம், பிறகு தீவு, அதன்பின் பணம் திரும்பக் கிடைக்கும் விடுதிப் பதிவு, விசா, கடைசியில் கப்பல், அக்ரோபோலிஸ் சீட்டுகள் என்ற வரிசையில் போனால், விசா மறுக்கப்பட்டாலும் இழப்பு குறைவு. திட்டத்தில் ஒரு நாள் மிஞ்சினால் மூன்றாவது தீவைச் சேர்க்காமல், இருக்கும் தீவிலேயே இன்னோர் இரவு தங்குங்கள்.